மிடியும் பதினாறும்

தமிழில் மிடி என்றால் வறுமை. கணினி இசையின் மிடிக்கும் அச்சொல்லுக்கும் உறவேதுமில்லை. எனினும் அதன் வரலாற்றைப் படிக்கையில், பெயர் தற்செயலாகப் பொருந்திவிட்டதோ என்று தோன்றும்.

1983 ஜனவரியில் அமெரிக்காவின் அனஹைமில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சியில், டேவ் ஸ்மித்தின் நிறுவனம் செய்த பிராஃபெட்-600 கருவியும், ஜப்பானியர் இகுதாரோ கக்கேஹாஷியின் ரோலண்ட் நிறுவனம் செய்த ஜூபிடர்-6 கருவியும் ஒரு கம்பியால் இணைக்கப்பட்டன. கம்பியில் சென்றது ஒலியன்று, கட்டளை மட்டுமே. வேகம் நொடிக்கு 31,250 பிட். ஒவ்வொரு கட்டளையும் இன்ன சேனலுக்கு உரியது என்று குறிக்க ஒதுக்கப்பட்டவை 4 பிட்டுகள். நான்கு பிட்டில் எண்ணக்கூடியது 16 வரைதான். 1991இல் வந்த ஜெனரல் மிடி பத்தாவது சேனலைத் தாளக் கருவிகளுக்கு ஒதுக்கிவிட, எஞ்சியவை 15.

டிராக் என்பது வேறு. இசையமைப்பவர் தம் வசதிக்காகப் பிரித்து எழுதிக்கொள்ளும் ஏடு அது. கருவி அதைப் பார்ப்பதே இல்லை. முப்பது டிராக்குகள் இருக்கலாம். குழலும் வயலினும் தனித்தனி டிராக்கில் இருந்தும் சேனல் ஒன்றாகிவிட்டால், கடைசியாக வந்த கருவிமாற்றக் கட்டளையே இரண்டையும் ஆளும். மிடிக் கோப்பின் வகை 0, எல்லா டிராக்குகளையும் ஒன்றாக்கிவிடுகிறது. புள்ளியும் இடைவெளியுமின்றி எழுதப்பட்ட ஓலைச்சுவடியைப் பிரித்துப் படித்த பதிப்பாசிரியர்களின் பாடு நமக்குத் தெரியும். இங்கே சேனல் எண்ணைக் கொண்டு குரல்களை மீண்டும் பிரித்துவிடலாம். ஒரே சேனலில் கலந்தவற்றைப் பிரிக்கத்தான் வழியில்லை.

வியப்பு என்னவெனில், கம்பியே தேவைப்படாத மென்பொருள் சிந்தசைசரும் இந்த எண்ணை விடவில்லை. ஃப்ளூயிட்சிந்த் இயல்பாக 16 சேனல்களோடுதான் தொடங்குகிறது. கூட்ட வேண்டுமானால் பதினாறு பதினாறாகத்தான் கூட்டலாம்.

இதைவிடப் பெரிய இடர் சுருதி வளைவில் இருந்தது. பழைய மிடியில் வளைவுக் கட்டளை சேனல் முழுவதற்கும் உரியது. வீணையில் ஒரு தந்தியை இழுத்தால் ஏனைய தந்திகளும் கூடவே வளைவதாக எண்ணிப் பாருங்கள். கமகம் எங்கே நிற்கும்? கிதார் சிந்தசைசர் செய்தவர்கள் தந்திக்கு ஒரு சேனல் என்று கொடுத்துச் சமாளித்தார்கள். ஆறு சேனல்கள் ஒரே கருவிக்குப் போயின. ஒலிக்கும் ஒவ்வொரு சுரத்துக்கும் தனிச் சேனல் தரும் அந்த உத்தி, 2018இல் எம்பிஇ என்ற பெயரில் முறையான விதியாயிற்று.

2020இல் வந்த மிடி 2.0, பதினாறு சேனல்கள் கொண்ட 16 குழுக்களாக 256 சேனல்களைத் தந்தது. ஒற்றைச் சுரத்தை மட்டும் வளைக்கவும் வழிசெய்தது. ஸ்மித் அதைக் கண்டார். அவர் மறைந்தது 2022இல். கக்கேஹாஷி 2017இலேயே மறைந்துவிட்டார்.