மார்பகப் புற்றுநோய்: 'கிரேடு 3'ன்னா மூணாவது ஸ்டேஜா? டாக்டர்கள் ஸ்டேஜை எப்படி முடிவு பண்றாங்க?

பயாப்ஸி ரிப்போர்ட் கைக்கு வந்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "எத்தனையாவது ஸ்டேஜ்?" ரிப்போர்ட்டில் 'கிரேடு 3' என்று இருப்பதைப் பார்த்து, மூணாவது ஸ்டேஜ்னு நினைத்து இடிந்து போகிறவர்களும் உண்டு. ஆனால் இரண்டும் வேறு வேறு.

புற்றுநோய் செல்கள், இயல்பான செல்லில் இருந்து எவ்வளவு மாறியிருக்கு என்று மைக்ரோஸ்கோப்பில் பார்த்துச் சொல்வது கிரேடு. 1 முதல் 3 வரைதான். நோய் உடம்பில் எவ்வளவு தூரம் போயிருக்கு என்பதுதான் ஸ்டேஜ். கிரேடு 3 கட்டி முதல் ஸ்டேஜிலேயே இருக்கலாம்.

ஸ்டேஜுக்கு அடிப்படை மூன்று எழுத்துகள்: டி, என், எம்.

'டி' கட்டியின் அளவு. 2 செ.மீ. வரை டி1, 5 செ.மீ. வரை டி2, அதற்கு மேல் டி3. அளவு எதுவானாலும் மார்புச் சுவரிலோ, தோலில் புண்ணாகவோ பரவியிருந்தால் டி4. 'என்' என்பது நெறிகட்டி. முக்கியமாக அக்குளில் இருப்பவை. 'எம்' என்பது எலும்பு, நுரையீரல், கல்லீரல், மூளை போன்ற தூரத்து உறுப்புகளுக்குப் பரவியதா என்பது. எம்1 என்றால், கட்டி எவ்வளவு சின்னதாக இருந்தாலும் ஸ்டேஜ் 4தான். அப்போதும் சிகிச்சை உண்டு; நோயைக் கட்டுக்குள் வைத்துப் பல வருஷம் வாழ்பவர்கள் இருக்கிறார்கள்.

ஸ்டேஜ் 0 என்றும் ஒன்று இருக்கு. பால் குழாய்க்கு உள்ளேயே செல்கள் நின்றுவிடும் நிலை. கைக்குத் தட்டுப்படாமல், மேமோகிராமில்தான் பெரும்பாலும் தெரியவரும்.

முன்பெல்லாம் இந்த மூன்றோடு கணக்கு முடிந்துவிடும். 2018-ல் அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்த ஏஜேசிசி 8-ம் பதிப்பு, கிரேடையும் ஈஆர், பிஆர், ஹெர்2 டெஸ்ட் முடிவுகளையும் சேர்த்தது. அதனால் ஒரே அளவு கட்டி உள்ள இரண்டு பேருக்கு ஸ்டேஜ் வேறாக வரலாம். உதாரணமாக, நெறிகட்டிக்குப் போகாத 2 செ.மீ. கட்டி, பழைய கணக்கில் 1ஏ. மூன்று டெஸ்ட்டும் நெகட்டிவ் (டிரிபிள் நெகட்டிவ்) என்றால் புதிய கிளினிக்கல் கணக்கில் 1பி. பக்கத்து வீட்டு அக்காவின் ரிப்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பதில் அர்த்தமில்லை என்பது இதனால்தான்.

ஆபரேஷனுக்கு முன் பரிசோதனை, ஸ்கேன், பயாப்ஸியை வைத்துச் சொல்வது கிளினிக்கல் ஸ்டேஜ். எடுத்த கட்டியையும் நெறிகட்டிகளையும் லேபில் பார்த்த பிறகு சொல்வது பேத்தாலஜிக்கல் ஸ்டேஜ். முதலில் 1 என்றவர்கள் பிறகு 2 என்று சொன்னால், இடையில் நோய் பரவிவிட்டது என்று அர்த்தமில்லை. ஸ்கேனில் தெரியாத நெறிகட்டி, லேபில் தெரிந்திருக்கலாம்.