எண்ணூர் மணல்மேடுகள்
எண்ணூர் மணல்மேடுகள் என்பவை சென்னைக்கு வடக்கே, எண்ணூர் முதல் பழவேற்காடு வரையிலான வங்கக் கடலோரத்தில் காற்றால் குவிக்கப்பட்ட மணற்படிவுகள் ஆகும். அலைகள் ஒதுக்கும் மணல் காய்ந்ததும் கடற்காற்று அதை உள்நோக்கி நகர்த்துகிறது. அடும்பு, இராவணன் மீசை முதலிய தாவரங்கள் அதைத் தடுத்து மேடாக்குகின்றன.

இம்மண்ணில் களியும் மட்கும் மிகக் குறைவு. ஆதலால் மேற்பரப்பில் ஈரமும் ஊட்டச்சத்தும் தங்குவதில்லை. ஆயினும் மழைநீர் விரைந்து உட்புகுந்து, அடர்த்தி மிக்க உவர்நீரின்மேல் நன்னீர்ப் படலமாக மிதக்கிறது. கடல்மட்டத்திற்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும் என்பது கணிப்பு. எனவே மேடுகளை அகற்றினாலோ நீரை மிகுதியாக இறைத்தாலோ உவர்நீர் மேலேறும். அருகிலுள்ள மீஞ்சூரில் 1960களின் இறுதியிலேயே கடல்நீர் ஊடுருவல் அறியப்பட்டது.