சூ என்றொரு குடும்பப் பெயர்

ஓசூர்த் தொழிற்பேட்டையை நம்பி வாழும் பங்குகளில் திருமுழுக்குப் பதிவேட்டை நிரப்புவது முன்போல் எளிதன்று. நம் தமிழ்க் குடும்பத்தார் தகப்பனார் பெயரின் முதலெழுத்தோடு நின்றுவிடுவர். பேரன் காலத்தில் அந்த எழுத்தும் மாறிவிடும். ஜார்க்கண்டிலிருந்து பிழைக்க வந்துள்ள உராவோன் சகோதரர் ஒருவரோ 'எக்கா' என்று எழுதச் சொல்வார். அது ஆமையைக் குறிக்கும் குலப்பெயர். இடம் பெயர்ந்தாலும் அது மாறுவதில்லை. அதை எழுதும்போதெல்லாம் நம் நினைவு சீனத்துக் குடும்பப் பெயர் ஒன்றின்பால் செல்கிறது.

சீனரும் பெரும்பாலும் ஓர் எழுத்தையே முன்னால் வைத்து, தம் பெயரைப் பின்னால் எழுதுகின்றனர். ஆயின் அவ்வெழுத்து தகப்பனுக்குத் தகப்பன் மாறாது. 'சூ' என்பது அவற்றுள் ஒன்று. ஹுவாய் ஆற்றுப் பகுதியில் இருந்த சூ என்னும் சிற்றரசைக் கி.மு. 512-இல் வூ அரசு வென்றழித்தது. நாடிழந்தவர்களின் வழியினர் நாட்டின் பெயரையே குடும்பப் பெயராகச் சுமந்தனர் என்பது வரலாறு. இன்று அதைத் தாங்குவோர் ஏறத்தாழ 2 கோடிப் பேர்.

கத்தோலிக்கராகிய நமக்கு இப்பெயர் அந்நியமானதன்று. 1562-இல் ஷாங்காயில் பிறந்த சூ குவாங்சி, 1603-இல் நான்ஜிங் நகரில் திருமுழுக்குப் பெற்றுச் சின்னப்பர் ஆனார். சேசு சபைத் தந்தை மத்தேயு ரிச்சியோடு அமர்ந்து யூக்ளிடின் வடிவியல் நூலின் முதல் ஆறு பகுதிகளைச் சீனத்தில் பெயர்த்து 1607-இல் வெளியிட்டார். பின்னாளில் பேரரசின் உயர் அமைச்சராகி 1633-இல் இறந்தார். அவரை அடக்கம் செய்த இடத்தருகே குடும்பத்தார் வாழ்ந்ததால் அவ்வூருக்குச் சூஜியாஹுய் என்று பெயர். சூ குடும்பத்தார் வாழும் கூடுதுறை என்று பொருள். ஷாங்காயின் புனித இஞ்ஞாசியார் பேராலயம் நிற்பது அங்கேதான். அவருடைய பேத்தி கந்திதா (1607–1680) கைம்பெண்ணான பின் தன் பொருளைக் கொண்டு பல கோவில்கள் எழுப்பினார். அவர் கணவரின் குடும்பப் பெயரும் 'சூ' என்றே ஒலிக்கும். எழுத்து மட்டும் வேறு! சீனப் பெண்கள் மணத்திற்குப் பின்னும் பிறந்தகப் பெயரை விடுவதில்லை.

திருமுழுக்கு இவர்களுக்குப் புதுப்பெயர் தந்தது, பழம்பெயரைப் பறிக்கவில்லை. முன்னோர் பெயர் பொறித்த பலகையை வணங்குவதிலேதான் பிணக்கு எழுந்தது. 1742-இல் திருத்தந்தை பதினான்காம் ஆசீர்வாதப்பர் அவ்வணக்கத்தை முற்றாக விலக்கினார். பன்னிரண்டாம் பத்திநாதர் காலத்தில், 1939-இல்தான், அத்தடை தளர்ந்தது. இடையே கழிந்த இரு நூற்றாண்டுகளில், தகப்பனை மதித்தால் திருச்சபையை இழப்போம் என்றஞ்சி வெளியே நின்றோர் எத்தனை பேரோ! இதில் திருச்சபை காலந்தாழ்த்தியது என்றே நாம் கருதுகிறோம்.

நம் தமிழகத்திலும் இதைப்போன்ற கேள்வி எழுந்ததுண்டு. தத்துவ போதகர் காலத்தில் பூணூலும் குடுமியும் சமயச் சின்னங்களா, சமூகச் சின்னங்களா என்று வழக்காடினர். திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியார் 1623-இல் குடுமிக்கு இடமளித்தார்.

நீலகிரியில் ஒரு சீனருக்கு அவ்விடம் கிட்டவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலாயா நீரிணைக் குடியேற்றங்களிலிருந்து சீனக் கைதிகள் அம்மலைக்கு அனுப்பப்பட்டனர். நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடையிலான சரிவில் சீனர் சிலர் பறையர் குலத் தமிழ்ப் பெண்களை மணந்து, காய்கறியும் சிறிது காப்பியும் பயிரிட்டு, மாடு வளர்த்து, நேர்மையாக வாழ்ந்ததை எட்கர் தர்ஸ்டன் கண்டார். தென்னிந்தியச் சாதிகளையும் குலங்களையும் பற்றி அவர் 1909-இல் வெளியிட்ட தொகுதிகளுள் இரண்டாவதில் அது வருகிறது. அங்கிருந்த குடும்பத் தலைவர் ஒருவருக்கு ஒரே மனக்குறை: கிறிஸ்தவராகும்போது தம் பின்னற்சடையை வெட்ட நேர்ந்ததாம். அந்தச் சடை சமயச் சின்னமுமன்று. 1645-இல் மஞ்சு அரசர் சீனர்மேல் சுமத்திய கட்டளை. சின்னப்பருக்கோ அச்சடையே இருந்ததில்லை. அவர் அதற்கு முன்பே இறந்துவிட்டார்.

தர்ஸ்டன் அவர்களுடைய மூக்கையும் கன்ன எலும்பையும் பிள்ளைகளின் நிறத்தையும் விவரிக்கிறார். குடும்பப் பெயரை அங்கு எழுதவில்லை. அவர் சூவோ, சென்னோ, வேறெவரோ! அப்பிள்ளைகளின் பிள்ளைகள் ஓர் முதலெழுத்தோடு நம்மிடையே கலந்திருக்கலாம். உடலை அளக்க இசைந்தால் காசு தருவதாக அத்துரை சொல்லியனுப்பியபோது, அந்த ஏழைகள் காசு வேண்டாம் என்றனர். நினைவாகத் தங்கள் நிழற்படத்தின் படி ஒன்று கிடைத்தால் போதும் என்று கேட்டனர்.