குமிழியிடாத் திரவம்

நீர் கொதித்தால் குமிழியிடும். இது சிறுவரும் அறிந்ததே. குமிழியிடாமல் ஆவியாகும் திரவமும் ஒன்றுண்டு. அதன் வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

1908 சூலை 10இல் ஆலந்து நாட்டு லெய்டன் நகரில் காமர்லிங் ஓன்னஸ் என்னும் அறிஞர் ஹீலிய வாயுவைத் திரவமாக்கினார். அது 4.2 கெல்வினில், அதாவது பனிக்கட்டி உருகும் நிலைக்கு 269 பாகை கீழே, கொதிப்பது.

1934இல் தாயகம் சென்ற ரசிய அறிஞர் கபிட்சாவைச் சோவியத் அரசு கேம்பிரிட்சுக்குத் திரும்ப விடவில்லை. அவர் மாஸ்கோவிலும், அவர் விட்டுச்சென்ற கேம்பிரிட்சுக் கூடத்தில் ஆலன், மைசனர் இருவரும் ஒரே உண்மையைத் தனித்தனியே கண்டனர். 2.17 கெல்வினுக்குக் கீழே ஹீலியம் உராய்வின்றி ஓடுகிறது! இதுவே மீப்பாய்மை. இரு கட்டுரைகளும் 1938 சனவரி 8ஆம் நாள் 'நேச்சர்' இதழில் அடுத்தடுத்து வெளிவந்தன. ஆயினும் 1978இல் நோபெல் பரிசு இம்மூவருள் கபிட்சாவுக்கே கிடைத்தது.

அமெரிக்காவின் வர்சீனியா மாநிலத்துச் செபர்சன் ஆய்வுக்கூடத்தில், எலெக்ட்ரான்களை முடுக்கும் நியோபியக் கலங்கள் 1990களிலிருந்து இத்திரவத்தில் மூழ்கியுள்ளன. 4.2 கெல்வினில் கலச் சுவரின் மின்தடை மிகுதி. 2 கெல்வினில் பன்மடங்கு குறையும். அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் தாழுமன்றோ? ஆகவே அமுக்கிகள் ஆவியை இடையறாது இழுத்து, அழுத்தத்தை வளிமண்டல அழுத்தத்தில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்காக்குகின்றன. மீப்பாய்மம் வெப்பத்தை மேற்பரப்புக்கு விரைந்து கடத்துவதால் குமிழி எழாது, கலமும் அதிராது. ஆனால் சிறு கசிவு நேரினும் வெளிக்காற்று உட்புகுந்து, உறைந்து, வழியை அடைக்கும். அங்கே காவல் ஓய்வதில்லை.

பரிசு பெறாதார் கண்ட உண்மையும் அக்கலங்களில் இன்றும் உழைக்கிறது. வகுப்பறையில் மூவர் பெயரையும் சொல்லுதல் நம் கடன்.