சிறுநீரக நோயும் குடும்ப வறுமையும்: இலங்கை வடமத்திய மாகாணம்

காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் 1990களில் இலங்கையின் வடமத்திய மாகாணத்தில் மருத்துவர்களின் கவனத்துக்கு வந்தது. நீரிழிவோ உயர் இரத்த அழுத்தமோ இல்லாதவர்களுக்கும் சிறுநீரகம் செயலிழந்தது. அநுராதபுரம், பொலன்னறுவை மாவட்டங்களில் இந்நோய் மிகுதி, வவுனியாவிலும் உண்டு. கடின நீர், புளோரைடு, வேளாண் இரசாயனங்கள், வெயிலில் உழைப்போரின் நீரிழப்பு என்று பலவும் ஆராயப்பட்டன. எதுவும் தனிக் காரணமாக உறுதிப்படவில்லை.

நோயாளிகளில் நடுத்தர வயது ஆண்களே அதிகம். பெரும்பாலும் நெல் விவசாயிகள், அதாவது வீட்டுக்கு உழைத்துப் போடுபவர்கள். தொடக்கத்தில் அறிகுறி தெரிவதில்லை. உடல் தளர்ந்த பிறகு வயலில் தாமே செய்த வேலைக்குக் கூலியாள் பிடிக்க வேண்டும். அதற்கும் பணமில்லாவிட்டால் பெரும்போகத்துக்கே வயல் தரிசாகக் கிடக்கும், அல்லது குத்தகைக்குப் போகும். இப்பகுதியின் குடியேற்றத் திட்டக் காணிகள் பலவும் அரச அனுமதிப்பத்திரத்தில் உள்ளவை. அவற்றை விற்கவும் ஈடுவைக்கவும் சட்டத் தடைகள் உண்டு. ஆகவே நகை அடகுக்குப் போகிறது, பிறகு வட்டிக்கடன்.

இத்தனைக்கும் அரச மருத்துவமனைக் கட்டணம் 1951இலேயே நீக்கப்பட்ட நாடு இது. ஆனால் சிறுநீரகம் செயலிழந்தவருக்குக் குருதிச் சுத்திகரிப்பு (டயாலிசிஸ்) வாரத்தில் 2 அல்லது 3 முறை, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4 மணி நேரம். தொலைவிலிருந்து வருபவருக்குப் பயணத்தோடு ஒரு நாள் போய்விடும். துணைக்கு வரும் மனைவியின் அன்றைய கூலியும் போய்விடும். பஸ் காசு, வெளியில் வாங்கும் மருந்து, விலைக்கு வாங்கும் சுத்திகரித்த குடிநீர் எல்லாம் தனி.

குடும்பச் செலவில் 10 அல்லது 25 விழுக்காட்டுக்கு மேல் மருத்துவத்துக்குப் போவதைப் பேரிடர்ச் செலவாகக் கொள்வது உலக அளவில் நெடுங்காலம் வழங்கிய அளவுகோல். அது கைவிட்டுப் போன பணத்தை மட்டுமே எண்ணும். இழந்த கூலியும் விளையாத போகமும் அதில் வராது. பஸ் காசில்லாமல் சிகிச்சையையே நிறுத்திவிட்டவரின் மருத்துவச் செலவு பூச்சியம். அந்தக் கணக்கின்படி அவர் குடும்பத்துக்கு ஒரு பாதிப்பும் இல்லை. ஏழைகளை மறைக்கும் கணக்கு இது.

பொலன்னறுவையில் 2021இல் சீன உதவியுடன் சிறுநீரகச் சிறப்பு மருத்துவமனை திறக்கப்பட்டது. மறு ஆண்டே பொருளாதார நெருக்கடி எரிபொருளுக்கும் மருந்துக்கும் தட்டுப்பாட்டை உண்டாக்கியது. நோயாளிகளுக்கு அரசு மாத உதவித்தொகை வழங்குகிறது. அத்தொகை குடும்பம் இழந்த வருமானத்தை ஒட்டி அமைய வேண்டும். குருதிச் சுத்திகரிப்பு வசதி ஊருக்குப் பக்கத்தில் வரவேண்டும். இவ்விரண்டும் இல்லாமல் இலவச சிகிச்சை மட்டும் இக்குடும்பங்களைக் காப்பாற்றாது.