லயம்

இறம்பொடை என்று எழுதும்போது முன்னால் ஓர் இகரம் வந்து நிற்கிறது. சிங்களத்தில் அந்த ஊர் 'ரம்பொட'. ரகரமும் றகரமும் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் நிற்காது என்பது இலக்கணம். அதனால் எழுத்தில் இகரம் ஏறிக்கொண்டது. லகரத்துக்கும் அதே விதிதான். உலகம் என்ற பொருளில் வரும் லோகத்தைப் பழைய புலவர்கள் உலோகம் என்று எழுதியதும், லட்சுமியை இலட்சுமி என்று நாம் எழுதுவதும் அதற்காகத்தான். ஆனால் இறம்பொடை மலையில் நாங்கள் பிறந்து வளர்ந்த இடத்துக்கு லயம் என்று பெயர். அதை யாரும் இலயம் என்று எழுதி நான் பார்த்ததில்லை. புலவர் கைக்குப் போகாமல், கொழுந்துக் கூடையோடும் விறகுக் கட்டோடும் நடந்து வந்து தமிழான சொல் அது.

கம்பளையிலிருந்து புசல்லாவை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் பஸ்ஸில் இருந்தால், நீர்வீழ்ச்சி வளைவுக்கு வரும்போது எல்லோரும் ஒரு பக்கமாகச் சாய்ந்து பார்ப்பார்கள். ஒரு பக்கம் அருவி. மேலே அனுமார் கோயில். கீழே கொத்மலை நீர்த்தேக்கம். இவற்றுக்கு நடுவே, தேயிலைப் பச்சைக்குள் நீளமாகக் கிடக்கும் துருப்பிடித்த தகரக் கூரைகளையும் பார்க்கலாம். அவைதான் லயங்கள். சென்னையிலிருந்து வந்த நண்பர் ஒருவர், நான் "லயத்தில்தான் பிறந்தேன்" என்று சொன்னதைக் கேட்டு, வீட்டில் எல்லோரும் இசைக்காரர்களோ என்று நினைத்துவிட்டார். சுருதிக்குத் துணையான லயம் வடமொழியிலிருந்து வந்தது. எங்கள் லயம் வந்த பாதை வேறு.

ஆங்கிலத்தில் லைன் என்றால் கோடு, வரிசை. பிரித்தானிய இந்தியப் படையில் அது 'லைன்ஸ்' என்று பன்மையாகி, சிப்பாய்கள் குடியிருக்கும் குடிசை வரிசைகளின் பெயராயிற்று. தமிழ்நாட்டு ஊர்களில் போலீஸ் லைன் என்று தெருக்களுக்குப் பெயர் இருப்பது அந்த வழக்கின் மிச்சம். இலங்கையில் கோப்பித் தோட்டங்களைத் திறந்தவர்களில் படையிலும் அரசிலும் இருந்தவர்கள் பலர். 1824 முதல் 1831 வரை ஆளுநராக இருந்த எட்வர்ட் பார்ன்ஸே வாட்டர்லூ போர்க்களத்தில் நின்ற தளபதி. கன்னொருவையில் அவர் சொந்தமாகக் கோப்பி பயிரிட்டார். இவர்கள் ஆட்களைத் தங்கவைக்க நினைத்தபோது, தெரிந்த ஒழுங்கிலேயே கட்டினார்கள்: ஒரே கூரை, ஒரே அளவு அறைகள், ஒரே வரிசை. அதைக் கூலி லைன் என்று எழுதினார்கள்.

படையிலிருந்து வந்தது இது ஒன்று மட்டும் அல்ல. விடியற்காலையில் தப்பு அடித்ததும் ஆட்கள் போய் நிற்கும் இடத்துக்குத் தோட்டத்தில் பெரட்டுக்களம் என்று பெயர். பரேட் என்ற சொல்தான் பெரட்டு ஆனது. பெரட்டில் நின்றவருக்குச் 'செக்ரோல்' ஏட்டில் பேர் விழும். ஒரு நாள் வேலைக்குக் கிடைக்கும் சம்பளத்தையே 'ஒரு பேர்' என்பார்கள். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். "இந்த மாசம் எத்தனை பேர்?" என்று ஒரு பெண் இன்னொருத்தியைக் கேட்டால், ஆட்களை எண்ணிக் கேட்கிறாள் என்று வெளியூர்க்காரர் நினைப்பார். அவள் கேட்பது நாட்களை.

லைன் எப்படி லயமானது என்பதை இலக்கணத்தை வைத்தே சொல்லலாம். ஐகாரம் அய் என்று விரிவது தமிழுக்குப் புதிதல்ல. ஐயா என்பதை அய்யா என்றும் எழுதுகிறோம். லைன், லய்ன், லயின், பிறகு லயன். எங்கள் மலையில் இன்றும் லயன் என்பவர் உண்டு, லயம் என்பவர் உண்டு. சொல்லின் கடைசியில் மகரமும் னகரமும் இடம் மாறுவதையும் நம் இலக்கணம் அறியும்: நலம், நலன்; நிலம், நிலன். இதைக் கடைப்போலி என்பார்கள். லயன் அந்தப் பழைய தடத்தில் எதிர்த்திசையாக நடந்து லயம் ஆயிற்று.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியமாகத் தோன்றுகிறது. பஸ் தமிழுக்கு வந்து இத்தனை காலமாகியும் பஸ்ஸுக்கு, பஸ்ஸில் என்றுதான் உருபு ஏற்கிறது. லயமோ மரத்துக்கு, குளத்தில் என்பது போல லயத்துக்கு, லயத்தில் என்று அத்துச் சாரியை வாங்கிக்கொண்டது. லயத்துப் பிள்ளைகள், லயத்துக் கோடி, லயத்துச் சண்டை. ஆங்கில இரவல் சொல்லுக்கு இந்தச் சாரியை எளிதில் வாய்க்காது. கொங்கு நாட்டில் வரிசையாகக் கட்டி வாடகைக்கு விடும் வீடுகளை லைன் வீடு என்கிறார்கள். அங்கே லைன் லைனாகவே நின்றுவிட்டது. எங்கள் மலையில் அந்தச் சொல்லுக்குள் ஐந்து, ஆறு தலைமுறை பிறந்து, பெரியவளாகி, தாலி கட்டி, செத்தும் போயிருக்கிறது. சாரியை அப்படித்தான் வந்தது.

குதிரை லாயம்தான் லயம் ஆயிற்று என்று ஒரு விளக்கம் மேடைகளில் அடிக்கடி கேட்கிறது. துரைமார் குதிரை கட்டிய இடத்தில் மனிதரை வைத்தார்கள், அதனால் அந்தப் பெயர் என்பார்கள். சொல்பவர்களின் கோபம் நியாயமானது. சொல்வரலாறு அதற்கு ஒத்துவரவில்லை. ஒரு துரைக்கு இரண்டு மூன்று குதிரை இருந்திருக்கும். நூற்றுக்கணக்கான ஆட்களுக்கு அந்த லாயம் எப்படிப் போதும்? தோட்ட ஏடுகள் லைன் என்றே எழுதின. மலேசிய ரப்பர் தோட்டத்துத் தமிழரும் லயம் என்கிறார்கள். மூணாறிலும் அது லயம்தான், மலையாளத்திலும்கூட. என் முடிவு, லாயம் மூலச்சொல் அல்ல. உள்ளே வாழ்ந்தவர்கள் அந்தச் சொல்லில் பின்னால் கேட்ட எதிரொலி அது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் எட்டுப் பேர் படுத்து எழுந்தவர்களுக்கு லயம் என்ற ஓசையில் லாயம் கேட்காமல் போனால்தான் வியப்பு.

அந்த அறைக்குள் போவோம். அறைக்குப் பெயர் காம்பரா. போர்த்துக்கீசியரின் 'காமரா'தான் அது. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பழைய வீடுகளில் காமிரா உள் என்று ஒன்று இருந்ததே, அதே சொல். அறைக்கு முன்னால், கூரையின் நீட்டத்துக்குக் கீழே இருக்கும் ஒடுங்கிய தாழ்வாரத்துக்குப் பெயர் இஸ்தோப்பு. அது ஒல்லாந்தரின் 'ஸ்தூப்', வாசற்படி. சிங்களத்திலும் அது இஸ்தோப்புவ. இறம்பொடைக்கு முன்னால் வந்த அதே இகரம் இங்கேயும் வந்து நிற்பதைப் பாருங்கள். ஆக, கரையோரத்தை மாறி மாறிப் பிடித்த மூன்று நாட்டாரின் சொற்களும் கடற்கரையிலிருந்து மலையேறி, ஒரு குடும்பம் படுக்கும் நூற்றிருபது சதுர அடியில் ஒன்றுசேர்ந்துவிட்டன. ஆங்கிலேயரின் லயம், போர்த்துக்கீசியரின் காம்பரா, ஒல்லாந்தரின் இஸ்தோப்பு. தமிழாக மிஞ்சியவை அடுப்பும் வாசலும்.

எங்கள் அப்பாயி இஸ்தோப்பை நாள் தவறாமல் சாணி போட்டு மெழுகுவார். வலது கையால் அரைவட்டம் அரைவட்டமாக இழுத்துக்கொண்டே பின்னோக்கி நகர்வார். கடைசி அரைவட்டம் பக்கத்துக் காம்பராவின் எல்லையில் போய் நிற்கும். அங்கே கோடு ஒன்றும் இல்லை. ஆனாலும் அவர் கை ஒரு விரற்கடைகூடத் தாண்டாது. அந்தப் பக்கத்து ஆச்சி மெழுகும் அரைவட்டமும் அதே இடத்தில் வந்து முடியும். இரண்டு கைகளின் சாணித் தடமும் சந்திக்கும் அந்த மெல்லிய வரம்புதான் எனக்குத் தெரிந்த முதல் வேலி. நடுச்சுவரோ கூரை வரைக்கும் போகாது. முதல் காம்பராவில் யாராவது இருமினால் தொங்கல் காம்பராவில் கேட்கும்.

இப்படி ஒரு கட்டடம் ஏன் நிலைத்தது என்பதற்குக் கோப்பியும் தேயிலையும்தான் விடை. கோப்பி பருவத்துக்குப் பழுக்கும் பயிர். தமிழ்நாட்டிலிருந்து, ஆள் சேர்க்கும் கங்காணியோடு புறப்பட்டவர்கள் மன்னாரில் இறங்கி, காட்டுவழியாக மாத்தளைக்கு நடந்து, பழம் பறித்து முடித்து ஊர் திரும்புவார்கள். திரும்பும் வழியிலும் வரும் வழியிலும் செத்தவர்கள் ஏராளம். அந்தக் காலத்து லயம் மண்சுவரும் மானாப்புல் கூரையுமாக, சில மாதத் தங்கலுக்குக் கட்டியது. 1869இல் கோப்பி இலையில் நோய் கண்டது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே, 1867இல், லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்டிருந்தார். 1880களில் கோப்பி சரிய, மலைமலையாகத் தேயிலை ஏறியது. தேயிலைக்குப் பருவம் கிடையாது. ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்க வேண்டும், விட்டால் முற்றிவிடும். எடுப்பதற்குப் பெண் வேண்டும், அவளோடு குடும்பமும் வேண்டும். விக்டோரியா ராணியின் கடைசி இருபது ஆண்டுகளில் எங்கள் ஆட்கள் வந்துபோகிறவர்கள் என்ற நிலை மாறி, குடியிருப்பவர்கள் ஆனார்கள். மண்சுவர் கற்சுவராயிற்று, புல் தகரமாயிற்று. அளவு மட்டும் மாறவில்லை. பழம் பறித்துவிட்டுத் திரும்புகிற ஆளுக்குப் போட்ட அதே பத்துக்குப் பன்னிரண்டில், தலைமுறை தலைமுறையாகக் குடும்பம் நடத்தச் சொன்னார்கள்.

மலையின் மற்ற வேலைகளும் குடியிருப்பைக் கொண்டே பிரிந்தன. துரைக்குப் பங்களா. கிளாக்கருக்கும் டீமேக்கருக்கும் கோட்டர்ஸ். அவர்களுக்குக் கீழே கங்காணி, வாசக்கூட்டி, தபால்பை சுமப்பவர் எல்லோருக்கும் லயம். இடம் சொல்லவும் லயத்தை வைத்தே சொல்வார்கள்: மேட்டு லயம், பணிய லயம், பத்துக் காம்பரா லயம். காம்பராவோ வேலையோடு ஒட்டியது. செக்ரோலில் பேர் இருந்தால் காம்பரா உண்டு. பேர் போனால் காம்பராவும் போகும். தோட்டம் மாற நினைத்தால் துண்டு வேண்டும். ஆட்களின் கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் விடுவேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டுதான் துண்டு. ஒரு குடும்பத்தின் நடமாட்டத்தைப் பூட்டிவைக்க அந்தச் சிறு காகிதம் போதுமாயிருந்தது. 1921இல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். காம்பராவுக்கும் பேருக்கும் இருந்த முடிச்சு அதற்குப் பிறகும் அவிழவில்லை. சொற்களுக்கோ துண்டு தேவைப்படவில்லை. துரைமார் எங்கள் பேச்சைப் படிக்கக் கைநூல்கள் அச்சிட்டார்கள். அவற்றில் ஒன்றின் தலைப்பே 'இங்கே வா'. நாங்கள் அவர்களுடைய சொற்களைக் காதால் வாங்கிச் சாரியை போட்டோம்.

மலையக எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை தன் நாவலுக்கு 'வீடற்றவன்' என்று பெயர் வைத்தபோது, பேர் போனால் காம்பராவும் போகும் இந்த நிலையைத்தான் ஒரு சொல்லில் அடக்கினார். கூரை இருந்தது, கதவு இருந்தது, அடுப்பு எரிந்தது. வீடு என்ற சொல் மட்டும் ஒட்டவில்லை. அப்பாயி மழை நாளில் வேலை முடிந்து, இடுப்பில் கட்டிய படங்கை அவிழ்த்துக்கொண்டே, "தம்பி, காம்பராவுக்குப் போய் அடுப்பப் பத்தவையி" என்பார். "வீட்டுக்குப் போ" என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. வீடு என்றால் அவருக்குத் திருச்சிப் பக்கம் அவருடைய பாட்டனார் விட்டுவந்தது. அதை அவர் கண்ணால் பார்த்ததும் இல்லை.

நான் பெரியவனாகி ஓர் அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்தபோது, வீட்டு இலக்கம் என்ற இடத்தில் காம்பரா இலக்கத்தை எழுதினேன். அங்கிருந்தவர் அதை அடித்துவிட்டுத் தோட்டத்தின் பெயரை மட்டும் எழுதச் சொன்னார். லயத்துக்குத் தனி முகவரி கிடையாது. கடிதங்கள் தோட்டத்து அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்து கைமாறித்தான் ஆளைச் சேரும். சில கடிதங்கள், நேர்முகத் தேர்வு முடிந்த பிறகு சேரும். எனக்கு ஒன்று அப்படித்தான் சேர்ந்தது.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. 2020 ஆகஸ்டில் மூணாறுக்கு அருகே பெட்டிமுடியிலும் லயங்கள் மேல் மண் விழுந்தது. இரண்டு நாட்டுச் செய்தித்தாள்களிலும் தமிழில் ஒரே சொல்: லயம். மலைச்சரிவில் நல்ல நிலத்தைத் தேயிலைக்கு விட்டு, மிச்சமான இடத்தில் ஆட்களுக்கு வரிசை போட்ட வழக்கமும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

இப்போது தனிக் காணியில் தனி வீடுகள் எழுகின்றன. இந்திய உதவியில் 4,000 வீடுகள் என்று தொடங்கியது. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 அறிவித்தார். தேவை அதைவிடப் பல மடங்கு, வேகமும் போதாது. ஆனாலும் என் சித்தி மகளுக்கு ஒரு வீடு கிடைத்தது. போன தைப்பொங்கலுக்குப் போனேன். பானையை எங்கே வைப்பது என்று கேட்டேன். "இஸ்தோப்புல வேணாண்ணே, காத்து அடிக்கும். வாசல்ல வைப்போம்" என்றாள். உள்ளே இரண்டு அறை. இரண்டையும் காம்பரா என்றுதான் சொல்கிறாள். மற்றச் சொற்கள் எல்லாம் அவளோடு குடிவந்துவிட்டன. லயம் மட்டும் வரவில்லை. அந்தச் சொல்லை அவள் இப்போது கீழே இருக்கும் பழைய வரிசைக்கு, மாமியார் இன்னும் இருக்கும் இடத்துக்குத்தான் சொல்கிறாள். பொங்கல் பொங்கியதும் ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி மகனிடம் கொடுத்தாள். "லயத்துக்குப் போய் ஆச்சிகிட்ட குடுத்துட்டு, நேரா வீட்டுக்கு வந்துரு." பையன் ஓடினான். கதவில் இலக்கம் எழுத விட்ட இடத்தில் இன்னும் வெறும் சுண்ணாம்புதான் இருந்தது.