தசையும் சினைப்பையும்: நடுவில் ஒரு சுரப்பி

பேசத் தொடங்கும்போது குரல் தெளிவாக இருக்கும். பேசப் பேசக் குழறி, கடைசியில் நின்றே போகும். ஓய்வெடுத்தால் திரும்பி வரும். இப்படி ஒரு பெண்ணைப் பற்றி இங்கிலாந்து மருத்துவர் தாமஸ் வில்லிஸ் 1672-இல் எழுதி வைத்தார். நரம்பின் கட்டளை தசைக்குச் சரியாகப் போய்ச் சேராத இந்த நோய்க்கு இன்று மயஸ்தீனியா கிராவிஸ் என்று பெயர்.

1934-இல் லண்டன் கிரீனிச்சில் டாக்டர் மேரி வாக்கர் போட்ட பைசோஸ்டிக்மின் ஊசியால் நோயாளிக்குச் சில மணி நேரம் பலம் திரும்பியது. 1936-இல் அமெரிக்காவின் ஆல்ஃபிரட் பிளாலாக், ஓர் இளம்பெண்ணின் தைமஸ் சுரப்பியில் இருந்த கட்டியை அகற்றினார். அவர் உடல்நிலை தேறியது. ஏன் தேறியது? அன்று யாருக்கும் தெரியாது. நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் எதற்கு என்பதே 1961-இல் ஜாக் மில்லரின் ஆய்வில்தான் தெரிய வந்தது. நோய் எதிர்ப்பு அணுக்கள் அங்கேதான் பயிற்சி பெறுகின்றன.

1969-இல் ஜப்பானின் நிஷிசுகாவும் சக்காகுராவும், பிறந்து 3 நாளான பெண் சுண்டெலிகளின் தைமஸை எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். வளர்ந்தபோது அவற்றின் சினைப்பை சிதைந்திருந்தது!

1973-இல் அமெரிக்காவின் பாட்ரிக்கும் லிண்ட்ஸ்ட்ராமும், மின்விலாங்கிலிருந்து எடுத்த புரதத்தை முயல்களுக்குச் செலுத்தினார்கள். அந்தப் புரதம்தான் தசையில் நரம்பின் கட்டளையை வாங்கிக்கொள்வது. அதை எதிர்க்கக் கிளம்பிய முயல்களின் உடல், தன் தசையையே தாக்கியது. முயல்கள் துவண்டு விழுந்தன. ஆக, மயஸ்தீனியாவில் உடலைத் தாக்குவது அதன் சொந்தக் காவல்படைதான்.

சுண்டெலிப் புதிரைத் தொடர்ந்து ஆராய்ந்த ஷிமோன் சக்காகுச்சி, அந்தக் காவல்படையை அடக்கி வைக்கும் தனி அணுக்களை 1995-இல் அடையாளம் காட்டினார். தைமஸை எடுத்த சுண்டெலிகளில் இல்லாமல் போனவை இவைதான். 2025-இல் அவருக்கும் மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

சுண்டெலிக்குஞ்சுக்கு நடந்தது, தைமஸ் அறுவை செய்துகொள்ளும் பெரியவர்களுக்கும் நடக்கும் என்று பயப்பட வேண்டாம். ஆனால் மயஸ்தீனியா உள்ள சில பெண்களுக்கு 40 வயதுக்கு முன்பே சினைப்பை செயலிழப்பதை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இரண்டும் சேர்ந்து வருவது அபூர்வம். அதனாலேயே எளிதில் தவறிப் போகிறது. தொங்கும் இமைக்கு ஒரு டாக்டர், நின்றுபோன மாதவிடாய்க்கு இன்னொரு டாக்டர். "உடம்பு பலவீனம்தான் காரணம்" என்று வீட்டில் சமாதானம் சொல்லிக்கொள்ளும் மாதங்களில், தாயாகும் வாய்ப்பே கை நழுவிப் போகலாம்.

இரண்டு டாக்டர்களிடமும் இரண்டு தொல்லைகளையும் சொல்வதற்குச் செலவு எதுவும் இல்லை.